குளிசை விழுங்காத மனிதர்

"குளிசையே முழுங்காத நான், கடைசியில கேமராவ முழுங்கிட்டேனே டொக்டர்!"

ஹாஷிம் சொன்னதைக் கேட்டு டொக்டர் சஞ்சீவனும் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த மனைவி உம்மு குல்தூம் மட்டும் சிரிக்கவில்லை. பாவம், பயந்துபோய்விட்டாள் என்று ஹாஷிமுக்கு இரக்கமாக இருந்தது.

பயம் வராதா? மூன்று மாதமாக உடம்புக்குள் எங்கேயோ ரத்தம் கசிகிறது. சொந்த ஊரான பல்லேபொலையில் ஏணி வைத்து மிளகு பறித்த மனிதருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வாய்வழியாகவும் கீழ்வழியாகவும் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. அந்தக் குழாய்கள் எட்டாத சிறுகுடலைப் படம் பிடிக்கத்தான் மாத்திரை அளவிலான இந்தக் கேமராக் குளிசை.

"எங்கயாவது சிக்கினால் ஒப்பரேஷன்தான் எண்டு சொன்னனான். வெளியில வந்துட்டுதோ ஹாஷிம் நானா?"

"மூணாம் நாளே வந்துருச்சு, அல்ஹம்துலில்லாஹ்."

டொக்டர் கணினித் திரையைத் திருப்பினார். குடலில் சிவப்பாக நாலைந்து புண்கள்.

"ரத்தம் போறது இங்கயிருந்துதான். வலிக் குளிசை கனகாலம் போட்டால் இப்பிடி வரும். என்ன குளிசை பாவிக்கிறனீங்கள்?"

"குளிசையா? என் வாயில பட்டதில்ல! ரெண்டு வருஷத்துக்கு முந்தி முழங்கால் வலியில சுருண்டு கெடந்தேன். இவ தெனமும் வச்சுத் தர்ற கொத்தமல்லித் தண்ணிதான் டொக்டர், ஒரே வாரத்துல எழுப்பி விட்டுச்சு."

பல்லேபொலையில் அந்தத் தண்ணீரின் புகழைக் கேட்காத காது இல்லை.

டொக்டரின் முகம் மாறியது. "அப்ப இது வேற நோயா இருக்கலாம். மயக்கம் குடுத்து, குடலுக்குள்ள நீளக் குழாய் விட்டு, துண்டு வெட்டிச் சோதிக்க வேணும். குடலில ஓட்டை விழுற ஆபத்தும் கொஞ்சம் இருக்கு."

ஹாஷிமின் சிரிப்பு நின்றது. ஆறுதலுக்கு மனைவியின் கையைப் பிடித்தார்.

"அது வேணாம் டொக்டர்" என்று கையை விடுவித்துக்கொண்ட உம்மு குல்தூம், கைப்பையிலிருந்து பாதி தீர்ந்த வலிக் குளிசை அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இவர் வலியில அழுறதப் பாக்க ஏலல. தெனமும் ரெண்டு, இடிச்சுக் கொத்தமல்லித் தண்ணியில கலந்து குடுத்தேன்."