இறங்குதுறைக்கு ஒரு எதிரி

“சேர், சுமித்திரா அக்காவை வவுனியாக் கிளைக்கு மாத்துங்கோ. இல்லாட்டி நான் வேலையை விட்டிட்டுப் போறன்.”

கிளிநொச்சியில் அந்தச் சின்ன மென்பொருள் நிறுவனத்தை நடத்தும் பரமலிங்கம், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு மெல்ரொனை நிமிர்ந்து பார்த்தார்.

“முரசுமோட்டையில இருந்து தினமும் வவுனியாவுக்கோ? கைப்பிள்ளைக்காரியடா அவா.”

“அதுக்காக என்ர இறங்குதுறையை அவா மூட வைக்கிறதோ?”

இறங்குதுறை, மெல்ரொன் மாதக்கணக்கில் மாரடித்து உருவாக்கிய மென்பொருள். அதுவரை அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒரு குறுக்குவழியில் தாங்கள் எழுதிய நிரலைச் சேர்வர் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இனி எல்லாருக்கும் ஒரே இடம், ஒரே பொத்தான். முல்லைத்தீவுக் கடற்கரைப் பெடியன், வேறு என்ன பெயர் வைப்பான்? தொடங்கிய அன்று எல்லாருக்கும் ரோல்ஸ் வேறு வாங்கிக் கொடுத்தான்.

ரோல்ஸ் சாப்பிட்ட கையோடு குறை சொல்லத் தொடங்கியவள் சுமித்திரா. ஆமை வேகம் என்பாள். பிழை வந்தால் காரணம் சொல்லாமல் ஊமையாய் நிற்கிறது என்பாள். ஒரு நாள் தவறாது.

“மற்றாக்கள் என்ன சொல்லினம்?”

“நீங்களே கேளுங்கோ சேர்.”

பரமலிங்கம் கூப்பிட, கூட வேலை செய்யும் விஜிதரனும் தனுஷாவும் வந்தார்கள்.

“சுப்பர் சேர்! இப்பவும் அதாலதான் ஏத்திப்போட்டு வாறன்,” என்றான் விஜிதரன்.

“நானும்தான். அது இல்லாட்டி இனி ஏலாது சேர்,” என்றாள் தனுஷா.

மெல்ரொனுக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் சுமித்திரா.

“மெல்ரொன், உம்மட இறங்குதுறை காலமையில இருந்து படுத்துக் கிடக்கு. திறக்குதே இல்லை. நான் எப்பிடி வேலை செய்யிறது?”

மெல்ரொன் மடிக்கணினியைத் திறந்து பார்த்தான். உண்மைதான். விடியக் கரண்ட் போய் வந்த பிறகு அது எழும்பவே இல்லை.

“அப்ப நீ இப்ப ஏத்தினது எதால?” பரமலிங்கம் கேட்டார்.

விஜிதரன் தலையைச் சொறிந்தான்.

“பழைய வழியாலதான் சேர். அண்ணை அவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தவர், சொல்ல மனம் வரேல்லை.”

தனுஷாவும் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், பொய் சொன்னாலும் அன்பில் சொன்ன பொய்.

மெல்ரொன் தன் கதிரையைச் சுமித்திராவுக்கு இழுத்துப் போட்டான்.

“இருங்கோ அக்கா. முதல்ல இருந்து சொல்லுங்கோ, என்னென்ன குறை?”

பரமலிங்கம் அவன் காதருகே குனிந்தார்.

“மாத்திற விசயம்?”

“ஐயோ சேர், இறங்குதுறையைப் பாவிக்கிறதே இந்த ஒரு ஆள்தான்!”