படம் மட்டும் போதும்

"சத்தமே வரக்கூடாது தம்பி. படம் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

சொல்லிவிட்டு, கடைக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார் ரெத்தினம். அறுபதைத் தாண்டிய விவசாயி. திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரிப்பேர் கடை வைத்திருக்கும் சித்தீக்குக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குத் தெரியாமல், சத்தமில்லாமல் பார்க்கிற படம் என்னவாக இருக்கும் என்று அவனுக்கா தெரியாது.

மேஜை மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு பாக்கெட் டிவி. பக்கத்தில் மஞ்சப்பைக்குள் கேசட் போடுகிற பழைய வீடியோ கேமரா. டிவியை ஆன் செய்தால் வெறும் புள்ளிகள்தான் கொட்டின. ஏரியலில் அது பிடித்துவந்த ஒளிபரப்பை நிறுத்தியே பல வருஷமாகிவிட்டது.

"கேமராவுல இருக்கிறது இந்த டிவியில தெரியணும். கேமராவோட திரை உடைஞ்சுபோச்சு."

"இதுக்குள்ள வீடியோ போறதுக்கு வழியே இல்லைங்கய்யா. பிரிச்சு, புதுசா ஒயர் வைக்கணும். அதுக்குப் பதிலா கேசட்டைப் போன்ல ஏத்திக்கலாமே?"

"தஞ்சாவூர்ல கேட்டேன். ஒரு வாரம் ஆகும்கிறாங்க. அதுவரைக்கும் தாங்காது."

"இந்த வயசுல அப்படி என்னங்கய்யா அவசரம்?" கண்ணடிக்காத குறையாகக் கேட்டான் சித்தீக்.

ரெத்தினம் பெஞ்சில் உட்கார்ந்தார். "எம் பொஞ்சாதி காத்தாயிக்கு முடியலை தம்பி. டாக்டர் கைவிரிச்சுட்டாரு. போறதுக்குள்ள அன்பரசனை ஒரு தடவை காட்டிரணும்."

"உங்க பையன் சிங்கப்பூர்லதானே இருக்காரு? வரச்சொல்ல வேண்டியதுதானே."

"கார்த்திகையிலயே வந்துட்டான். பெட்டியில வந்தான்."

சித்தீக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். தன் புத்தியைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்த மகனை வீட்டுக்குக் கொண்டுவராமல் திருச்சியிலேயே எரித்துவிட்டுத் திரும்பியிருந்தார் ரெத்தினம். காத்தாயிக்கு இதயம் பலவீனம். கேட்டால் அந்த நிமிஷமே போய்விடுவாள் என்று பயம். அவருக்காக ஊரே வாயைக் கட்டிக்கொண்டது.

"பொங்கலுக்குத்தான் மாட்டிக்குவேன்னு நெனச்சேன் தம்பி. சாவு விழுந்த வீட்டுல எப்படிப் பானை வைக்கிறது? வைக்கலைன்னா இவகிட்ட என்னன்னு சொல்றது? நல்லவேளை, எனக்கு முடியலை, இந்த வருசம் பொங்கல் வேணாம்னு அவளே சொல்லிட்டா."

"கேசட்டுல என்ன இருக்கு?"

"புதுவீடு குடிபோன அன்னிக்கு எடுத்தது. நம்மளைப் பாத்தே பேசுவான், சிரிப்பான். இந்த டிவி பாக்கிறதுக்குப் போன் மாதிரியே இருக்கா, அவளுக்குக் கண்ணும் மங்கல். வீடியோ கால்னு சொல்லிக் கையில குடுத்துருவேன். சத்தம் வந்தாத்தான் வம்பு. வந்தவங்களையெல்லாம் பந்திக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பான்."

சித்தீக் டிவியின் முதுகைப் பிரித்தான். ஏரியல் பக்கமிருந்து படத்துக்குப் போகிற இணைப்பைத் தேடி அறுத்து, அந்த இடத்தில் மெல்லிய ஒயரைப் பற்றவைத்தான். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றினான். கேமரா ஒயரின் பின்னைச் செருகிக் கேசட்டை ஓட்டியதும் புள்ளிகள் மறைந்து, ஒரு இளைஞன் சிரித்துக்கொண்டு கையாட்டினான். ரெத்தினம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருக்கு ஒயரை மாட்டத் தெரியாது. கடையைச் சாத்திவிட்டு சித்தீக்கும் கூடவே போனான்.

காத்தாயி கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். அவளை ரெத்தினம் திருப்பிப் படுக்கவைத்த நேரத்தில் கேமராவைக் கட்டிலுக்கடியில் வைத்துக் கேசட்டை ஓட்டிவிட்டு, ஒயரைப் போர்வைக்குள் விட்டான் சித்தீக். பார்ப்பதற்கு சார்ஜர் ஒயர் போலத்தான் இருந்தது.

"இந்தா, அன்பு பேசுறான் பாரு. டவர் சரியில்லை, சத்தம் வராது. முகத்தை மட்டும் பாத்துக்க."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். "சாப்பிட்டியாப்பா," என்றாள். "ஏன் சாமி இப்படி இளைச்சுட்டே?" கட்டைவிரலால் அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். ரெத்தினம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கேசட் முடிந்து படம் கறுத்தது.

"லைன் கட்டாயிடுச்சு போலருக்கு," என்றார் ரெத்தினம்.

"போவுது, பாத்துட்டேன்ல. எனக்கு அது போதும். தம்பிக்கு ஒரு டீ போட்டுக் கொண்டாங்க."

கார்த்திகைக்குப் பிறகு முதல் தடவையாக ரெத்தினத்தின் முகம் தெளிந்தது. எப்படியோ கரை சேர்ந்துவிட்ட நிம்மதியோடு அடுப்படிக்குப் போனார்.

உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கும்வரை காத்தாயி பேசவில்லை. பிறகு சித்தீக்கின் சட்டை நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

"அவரு வர்றதுக்குள்ள அந்தக் கேசட்டை முன்னாடியிலேர்ந்து இன்னொரு தடவை ஓட்டுங்க தம்பி."

சித்தீக் குனிந்து கட்டிலுக்கடியில் கேமராவைத் தேடினான்.

"புள்ளையைப் பறிகுடுத்த வருசத்துல யாராச்சும் பொங்கல் வைப்பாங்களா? எனக்குத் தெரியும்கிறது அந்த மனுசனுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டாரு."