டிரா ஆகக் கூடாது

காட்டுக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் தவளைகள் தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்டன. மான்களும் முயல்களும் மோதும் கடைசி ஆட்டத்தில் ஒரு அணி தோற்றால்தான் தவளைகளுக்கு இடம். டிரா ஆனால் அந்த இரண்டுமே கோப்பைக்குப் போய்விடும்.

தவளை கேப்டன் குளக்கரையில் நிலைகொள்ளாமல் குதித்துக்கொண்டிருந்தது. அணில் மர உச்சியிலிருந்து ஆட்டத்தைப் பார்த்தது.

"இப்ப என்ன நடக்குது?"

"மான் முயலுக்குப் பந்தைக் கொடுக்குது. முயல் மானுக்கே திருப்பிக் கொடுக்குது."

"கோல் பக்கம் யாருமே போகலையா?"

"இல்ல. இன்னும் பத்து நிமிஷம்தான்."

"பேசி வச்சுக்கிட்டு ஆடுறாங்க. வெட்கமா இல்ல?"

"போன தடவை நீங்களும் ஆமைங்களும் ஆடினப்ப, எங்க அணில் கேப்டன் இதே கரையில நின்னு இதையேதான் கேட்டார்."

தவளை ஒரு நொடி குதிக்காமல் நின்றது.

"அதை விடு. இப்ப எத்தனை நிமிஷம் இருக்கு?"