பதினெட்டுக் கைகள்

தையல் கூடத்தில் பெரிய கத்தரிக்கோல் காணாமல் போயிருந்தது. மேற்பார்வையாளர் என் அக்காவைக் காட்டி, "இவ எடுத்ததைப் பார்த்தவங்க கை தூக்குங்க" என்றார்.

யாருமே பார்க்கவில்லை. ஆனாலும் பொத்தானுக்குக் காஜா எடுப்பவர் தூக்கினார். அவரைப் பார்த்து அடுத்தவர், பிறகு வரிசை வரிசையாக. என் கையும் எழுந்துவிட்டது. அக்காவைச் சேர்த்து நாங்கள் பதினெட்டுப் பேர். மேற்பார்வையாளர் தூக்கிய கைகளை எண்ணிவிட்டு, "பதினெட்டு" என்றார். அன்றே அவள் வேலை போயிற்று.

வீட்டில் நடந்ததைக் கேட்டதும் அம்மா அவளைப் பிடித்து உலுக்கினாள். "எடுக்காதவ நீ எதுக்குடி தூக்கினே?"

"நான் தூக்கலம்மா. ரெண்டு கையும் மடியிலதான் இருந்துச்சு."

அம்மா நம்பவில்லை. கூடத்தில் நான் அக்காவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் மடியில் இரண்டு கைகளும் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருந்தன. அவள் தலைக்கு மேலே, யாருடையதும் அல்லாத இன்னொரு கை நிமிர்ந்து நின்றது.