துரை வண்டியா, சிவப்பு வண்டியா

பாண்டியனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எஸ்டேட் பங்களா வாசலில் இரண்டு கார்கள் நின்றன. எதை வேண்டுமானாலும் அவன் இன்றைக்கே வாங்கலாம். ஆனால் ஒன்றைத்தான் வாங்கலாம்.

ஒன்று சிவப்பு. புத்தம் புது மாடல். ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோயம்புத்தூர் ஷோரூமில் வேலை பார்க்கும் தினகரன், கூடப் படித்தவன் ஓட்டிப் பார்க்கட்டுமே என்று மலையேற்றிக் கொண்டுவந்திருந்தான். வழியில் பர்லியாரில் டீ குடிக்கக்கூட நிறுத்தவில்லையாம். நிறுத்த மனசே வரவில்லையாம்.

இன்னொன்று கறுப்பு ஆஸ்டின். பாண்டியனைவிட இருபது வயது மூத்தது. எஸ்டேட்டின் பெரிய துரை வண்டி. ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்களே, அப்படி நின்றது. ஊட்டியில் பழைய கார் சேர்க்கிறவர்கள் இந்த மாதிரி வண்டிக்கு அடித்துக்கொள்கிறார்கள். தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் துரை இதை விற்கவே மாட்டார். இப்போது பாக்டரியே ஒரு நாள் ஓடினால் ஒரு நாள் ஓடுவதில்லை. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிழைக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் திருப்பூருக்கு இறங்கிவிட்டார்கள்.

அப்படி இறங்கியவன்தான் பாண்டியனும். பனியனில் படம் அச்சடிக்கும் தொழில் அவனைக் கைவிடவில்லை.

கார் அம்மாவுக்காகத்தான். அன்னக்கிளி சிலோனில் ஒரு தோட்டத்தில் பிறந்து, கப்பலேறி இங்கே இன்னொரு தோட்டத்துக்கு வந்து, ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவள். இன்றைக்கும் பறிக்கிறாள். மகன் சொல்லி நிற்கிற ஆளா அவள்? அவளை முன்சீட்டில் மகாராணி மாதிரி உட்கார வைத்து எஸ்டேட்டை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். அவனுடைய ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

அதுவும் துரை வண்டியிலேயே அம்மா உட்கார்ந்தால்! நினைக்கும்போதே அவனுக்கு வாயெல்லாம் பல்.

"மாப்ள, மொதல்ல கெழவனை ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தர்றேன்" என்றான் தினகரனிடம்.

"போ, போ. தள்றதுக்கு ஆளு வேணும்னா கூப்புடு."

தள்ள வேண்டிய தேவையே வரவில்லை. முதல் உறுமலிலேயே கிழவன் எழுந்துவிட்டான். ஸ்டீயரிங் அடேயப்பா, எவ்வளவு பெரிசு! சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வண்டி அசைந்து அசைந்து போனது. சந்தோஷம் தாங்காமல் பாண்டியன் வாய்விட்டுப் பாடினான். இதுதான், இதையேதான் வாங்கப் போகிறோம் என்று முடிவுகட்டிவிட்டான்.

வளைவு திரும்பியதும் முன்னால் அம்மா போய்க்கொண்டிருந்தாள். தூறலுக்குக் குடை பிடித்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, நடு ரோட்டில் லயத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

அவளைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று பாண்டியன் ஹாரனை அழுத்தினான்.

அன்னக்கிளி திரும்பிப் பார்க்கவில்லை.

குடையை மடக்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ரோட்டோர வடிகால் கானில், ஓடுகிற தண்ணீருக்குள் இறங்கித் தலையைக் குனிந்து நின்றாள்.

இப்போதெல்லாம் எந்தத் துரையும் அப்படி இறங்கச் சொல்வதில்லை. இந்த ஹாரன் காதில் விழுந்தால் அவள் கால் தானாக இறங்கிவிடும். சின்ன வயதில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அதே தண்ணீரில் நின்றவன்தான் பாண்டியனும். சந்தோஷத்தில் அடியோடு மறந்து போயிருந்தான்.

வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். எந்த மூஞ்சியோடு இறங்குவது? நனைந்த தலையோடு நின்றவளைக் கடந்து வண்டி போனது. அவள் நிமிரவே இல்லை.

வேறு வழியில் சுற்றிக்கொண்டு பங்களாவுக்கு வந்தான். சாவியைத் துரையின் பட்லரிடம் நீட்டினான்.

"தொரைகிட்ட வேண்டாம்னு சொல்லிருங்கண்ணே."

"என்னடா, கெழவன் கடிச்சுட்டானா?" என்றான் தினகரன்.

"ஒன்னோட சாவியக் குடு. ஏறு."

சிவப்பு வண்டி பாய்ந்தது. அதே ரோடு, அதே வளைவு. அம்மா இன்னும் லயத்தை எட்டவில்லை. குடையை விரித்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மறுபடியும் நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள்.

இதற்கும் இறங்கிவிட்டால்?

பாண்டியன் வேகத்தைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹாரனை அழுத்தினான். அந்த மலை அதுவரை கேட்டிராத கீச்சுச் சத்தம்.

அன்னக்கிளி விருட்டென்று திரும்பினாள். நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவள் மெனக்கெடவில்லை. ஒரு கையில் குடை, இன்னொரு கை இடுப்பில்.

"எவன்டா அவன்! ரோட்டுல மனுசி போறது கண்ணு தெரியல? இது என்ன ஒங்கப்பன் ஊட்டு ரோடாடா?"

தினகரன் பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கப் போனான். பாண்டியன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

"சும்மா இருடா. இதுதான் வண்டி. இதையே எடுத்துக்கறேன்."

ஹாரனை இன்னொரு தடவை அழுத்தினான்.

அன்னக்கிளி நகரவே இல்லை.