நடுவுல ஒரு தோட்டா

"நாளைக்குக் காலைல எல்க் மான் வேட்டை ஆரம்பம் அண்ணே. வருஷக்கணக்கா எழுதிப்போட்டு இப்பத்தான் வேட்டை லைசென்ஸ் குலுக்கல்ல என் பேர் விழுந்திருக்கு. என் துப்பாக்கிக்கு ஒரு பெட்டி தோட்டா இருந்தாப் போதும்."

மொன்டானா மலையடிவாரத்துத் துப்பாக்கிக் கடையில் டெரல் நிலைகொள்ளாமல் நின்றான்.

கடைக்காரர் ஆர்வில் சிரித்தார். "சாதா மானுக்குச் சின்ன தோட்டா இருக்கு. எல்க் மாதிரி மாட்டு சைஸுக்குப் பெருசு இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு யாருடா கேட்டா? அந்தத் துப்பாக்கியை வாங்காதேன்னு அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

"சின்னது பத்தல, பெருசு தோளைப் பேத்துடுது. எனக்கு இதான் அண்ணே சரி."

"உன் ஒருத்தனுக்காக எவன் தோட்டாக் கம்பெனி நடத்துவான்? அது கடைக்கு வர்றதே இல்ல. பேசாம துப்பாக்கியை என்கிட்டயே தள்ளிட்டு, உருப்படியா வேற வாங்கு."

டெரல் அரைமனதாகத் தலையாட்டப் போனபோது, வீட்டுப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஆர்வில்லின் மனைவி லவோன் வந்தாள்.

"அந்தத் தோட்டாவா தம்பி? உள்ள வா. பெட்டி பெட்டியா அடுக்கி வச்சு எங்க கட்டிலுக்கு அடியில கூட்ட இடமில்ல. லாரியில வந்தா அலமாரிக்கே போகாது, நேரா அங்கதான். இவரு சுடறதே அது ஒண்ணுதான்."

டெரல் வாயைப் பிளந்தான். "அண்ணே, யாருக்கும் வேண்டாம்னு ஊரெல்லாம் சொன்னீங்களே?"

"எல்லாருக்கும் வேணும்னா எனக்கு ஏதுடா மிச்சம்?" என்றார் ஆர்வில்.