பதினாறு போதும்

"இருபது கிலோ, அங்கிள். அதைத் தாண்டினா உள்ள வச்ச பிளேட் வளைஞ்சிடும். திரும்பவும் ஆபரேஷன்தான்."

அனிஷா சொன்னதைக் கேட்டு ராசையா பலமாகத் தலையாட்டினார்.

கொருக்குப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர், தன் கடையில் கிடந்த குழாயிலேயே வழுக்கி விழுந்து ஆறு வாரம் ஆகிறது. கணுக்காலில் ஒரு பிளேட், ஏழு ஸ்க்ரூ. நேற்று எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எலும்பு நல்லா கூடிவருது. காலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊன்றலாம்" என்று சொன்ன பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் சோறு இறங்கியது. இன்று காலையிலேயே பயிற்சி கொடுக்க பிசியோதெரபிஸ்ட் அனிஷா வந்துவிட்டாள்.

"நான் இருபதுதான் ஊனுதேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"காலை எடை மெஷின் மேல வச்சு அழுத்துங்க. இருபது காட்டினதும் நிறுத்திடுங்க. அந்த அழுத்தம் காலுக்குப் பழகிடும். என் மெஷினை மணலி புதுநகர்ல ஒரு பேஷன்ட் வீட்ல விட்டிருக்கேன். உங்க வீட்ல இருக்கா?"

"இல்லம்மா. நாளைக்கு நீயே கொண்டுட்டு வந்துரு."

"இல்லையாமே," என்று மனைவி ஜெயக்கொடி சிரித்தாள். "கீழ கடையில அவ்வளவு பெரிய மெஷினை வச்சுக்கிட்டு இல்லங்கிய."

அவர் வாயைத் திறப்பதற்குள் ஆட்களைக் கூப்பிட்டு மெஷினை மாடிக்குத் தூக்கிவரச் செய்துவிட்டாள். அதன் பின்னாலேயே கையில் ஒரு பையோடு கோவிந்தம்மாவும் ஏறி வந்தாள். காசிமேட்டுக்காரி. மகன்களின் படகில் கழித்துப்போட்ட இரும்பையெல்லாம் பத்து வருஷமாக ராசையாவின் கடையில்தான் எடைக்குப் போடுகிறாள்.

"இன்னா மொதலாளி, எப்டி கீது காலு? நெத்திலி எடுத்தாந்துகீறேன். முள்ளோட துன்னு, எலும்பு ஒட்டிக்கும்."

"சந்தோசம் கோவிந்தம்மா. வெயில் ஏறுது, நீ கெளம்பு."

"நீ கால வைக்கிறத ஒரு தபா பாத்துட்டுப் போறேன்." சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ராசையா வாக்கரைப் பிடித்தபடி நல்ல காலில் நின்று, மற்றக் காலை மெஷின் மேல் வைத்தார். சிவப்பு எண்கள் ஓடின. எட்டு. பன்னிரண்டு. பதினாறு. அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னும் நாலு கிலோ," என்றாள் அனிஷா.

"பதினாறு போதும்மா."

"டாக்டர் இருபது எழுதியிருக்கார்."

"அவர் எழுதுவார். கால் என்னதுல்லா."

"சரி, பதினெட்டாவது வைங்க."

"பேரமே கிடையாது. ஒரே விலை. பதினாறு."

ஜெயக்கொடிக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணத்தன்று தாலி எடுத்துக் கொடுத்த ஐயரிடம்கூடப் பேரம் பேசிய மனுஷன் இவர்.

"வலிக்கா?" என்றாள்.

"வலிக்கல்ல."

"பின்ன என்ன? டன் டன்னா இரும்பைப் புரட்டுன ஆளு, நாலு கிலோவுக்கு இப்படி நடுங்குதியளே."

ராசையா கோவிந்தம்மாவைப் பார்த்தார். "ஜெயக்கொடி, கோவிந்தம்மாவை அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயி காப்பி குடு."

"இங்கியே எடுத்தாந்து குடு தாயி. பாத்துகினே குட்சிக்கிறேன்."

"உனக்கு வீட்ல சோலியே கிடையாதா?"

"இன்னிக்கு போட்டு கடலுக்குப் போவல. சொம்மாதான் கீறேன்."

அனிஷாவின் குரலில் கண்டிப்பு ஏறியது. "அங்கிள், பாரம் விழுந்தாத்தான் எலும்பு கெட்டியாகும். நீங்க இப்படிக் குறைச்சு வச்சா, பேஷன்ட் ஒத்துழைக்கலைன்னுதான் டாக்டருக்குச் சொல்வேன். இன்னும் ஒரு மாசம் படுக்கையிலதான் இருக்கணும்."

இன்னும் ஒரு மாதம். ராசையா கட்டிலைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

"நான் சொல்லுததக் கேளும்மா. நாளைக்கு உன் மெஷின்ல..."

"இன்னைக்கே பழகணும். பயப்படாதீங்க, நானே மெதுவா அழுத்தறேன்." அனிஷா அவர் முழங்கால் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வேண்டாம்மா. வேண்டாம்." உதடு வரைக்கும் ஏதோ வந்தது. கோவிந்தம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டைக்கே திரும்பிப் போயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பாப்பா, கைய எடு," என்று சுவரோரத்திலிருந்து கோவிந்தம்மாவின் குரல் வந்தது. "அந்த மிசினு பதினாறு காட்டுச்சின்னா இருபது கீதுன்னு அர்த்தம். மொதலாளி கரீட்டாத்தான் வச்சிகினு கீறாரு."

அனிஷா சட்டென்று கையை எடுத்தாள். ஜெயக்கொடி மெஷினைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் மொத்தமாக விட்டார். கால் பிழைத்தது. நிமிர்ந்து பார்க்கத்தான் முடியவில்லை.

"உனக்கு... எப்பலேருந்து தெரியும், கோவிந்தம்மா?"

"அது தெரிஞ்சி பத்து வருசமாவுது. அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப்போட்டுகினு கீற? அதான் நானும் இரும்பு மூட்டைக்கி அடியில கடல்மண்ணு ரொப்பிகினு வரேன்ல."